பதினைந்தில் ஒன்று

ஐந்நூறில் ஒன்று ஓடுகிறது.
இருநூற்றைம்பது, நூற்றிருபத்தைந்து, அறுபது,
முப்பதும்கூட.
பதினைந்தில் வைத்து அழுத்தினால் மட்டும்
இமை திறந்து அப்படியே நின்றுவிடுகிறது,
ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்பவரைப் போல.

பாகலூர் சாலையில் பழைய சாமான் விற்கும் முனிராஜிடம்
ஆயிரத்து நூறுக்கு வாங்கியது.
"ஓடுமா?" என்றேன்.
"நீங்க ஓட்டினா ஓடும்" என்றார்.

பெங்களூரில் இம்தியாஸ் என்று ஒருவர்
போனிலேயே சத்தம் கேட்டார்.
லீவரை இழுத்து, போனருகே வைத்து அழுத்தினேன்.
"எண்ணெய் இறுகிப்போச்சும்மா.
நாலாயிரத்து இருநூறு. ரெண்டு மாசம்.
அவசரப்படுத்தக் கூடாது.
இன்னொண்ணு,
நீங்க திறந்திருந்தா நான் தொட மாட்டேன்."

நான் திறக்கவில்லை.
இன்னும்.

ஏன் திறக்கக் கூடாது?
ஒன்பது வருடமாகக் கடிகாரக் கம்பெனியில் நாலாவது மேசை.
கண்ணில் பூதக்கண்ணாடி, விரலில் ரப்பர் உறை,
ஷிப்டுக்கு அறுநூறு நொடிமுள்.
என் கையில் ஒரு முள் வளைந்ததில்லை.
வளைந்ததாக என் பெயரில் எழுதிய இரண்டும்
ஐந்தாவது மேசையில் வளைந்தவை.

ஆனால் முழுதாக ஒரு கடிகாரத்தை
நான் பிரித்ததுமில்லை, பூட்டியதுமில்லை.
மூன்றாவது மேசை என்ன செய்து அனுப்புகிறது என்பது
டீ நேரத்தில் தெரியவந்ததுதான், அதுவும் பாதி.
என் விரல் படித்தது ஒரே ஒரு முள்.
அந்த முள்ளை நம்பி ஞாயிற்றுக்கிழமை துணிந்தால்
திங்கட்கிழமை கட்டிலடியில் ஸ்பிரிங் தேட வேண்டியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை துணிந்தேன்.

லைட்டருக்கு ஊற்றும் பெட்ரோல், காது குடையும் பஞ்சு,
தெறிப்பது ஓடாமலிருக்கத் தாம்பாளத்தில் ஈரத்துண்டு,
மோனிஷாவின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து டிவைடர்.
அதன் இரு முனைகளை
முன்வளையத்தின் இரு பள்ளங்களில் ஊன்றிக் குனிந்தபோது
பள்ளத்தின் ஓரம் சிராய்த்திருந்தது.
கறுப்பு உரிந்து பித்தளை.

எனக்கு முன்னால் ஒருவர்.
சரியான கருவி இல்லாத ஒருவர்.
வழுக்கி, மறுபடி ஊன்றி, மறுபடி வழுக்கி,
ஏழு கீறல் எண்ணினேன்.
எட்டாவது இல்லை.
திறந்துவிட்டாரா,
எனக்கு வேண்டாமப்பா என்று வைத்துவிட்டாரா,
அதைச் சொல்லக் கீறலுக்கு வாயில்லை.

இம்தியாஸை அழைத்தேன்.
"நான் திறக்கலைங்க, ஆனா எனக்கு முன்னாடி யாரோ..."
"எல்லாரும் இதையேதாம்மா சொல்றாங்க."

வெயிலில் எடுக்க என்னிடம் செல்போன் இருக்கிறது.
எனக்கு வேண்டியது காலை ஆறு பத்து.
வார்ப்படக் கம்பெனி இரவு ஷிப்ட் முடிந்து
திம்மராயன் வந்து நாற்காலியில் உட்கார்ந்து
ஒரு சாக்ஸைக் கழற்றி
மறு சாக்ஸுக்கு வருமுன் தூங்கிவிடுகிற நேரம்.
ஆறரைக்கு என் பஸ்.
ஒரு நாளில் நாங்கள் இருவரும் வீட்டிலிருப்பது
இந்த இருபது நிமிடம்தான்.
சமையலறைக் குழல்விளக்கு அவர் தோள்வரை வரும்,
முகத்துக்கு ஜன்னலின் சாம்பல்.
அளந்து பார்த்தேன்.
லென்ஸை முழுக்கத் திறந்தாலும்
பதினைந்தில் ஒன்று.

தை மாதத்து ஓசூர்.
அலமாரியில் தேங்காயெண்ணெய் வெள்ளையாய் உறைந்து
கவிழ்த்தாலும் விழாமல் நிற்கிறது.
பாட்டிலை அடுப்போரம் நகர்த்தப் போனவள்
கையை இழுத்துக்கொண்டேன்.
எண்ணெய் இறுகிப்போச்சும்மா.

கேமராவை ஸ்வெட்டருக்குள் விட்டு
வயிற்றோடு அணைத்தபடி ரசம் தாளித்தேன், டப்பா கட்டினேன்.
முதலில் ஐஸ்கட்டி. பிறகு என் சூடு.

ஆறு பன்னிரண்டு. ஒரு சாக்ஸ்.
மூச்சை நிறுத்தி அழுத்தினேன்.
டிர்ர்ர் என்று உள்ளே ஏதோ பல்லுக்குப் பல் நடந்து
இமை மூடியது.

விழுந்ததா இல்லையா, கழுவினால்தான் தெரியும்.
முப்பத்தாறில் ஒன்று போயிருக்கிறது.

டிவைடரைப் பாக்ஸில் வைத்தேன்.
ஒரு முனை லேசாக வளைந்திருக்கிறது,
மோனிஷா கண்டுபிடித்துவிடுவாள்.
நாலாயிரத்து இருநூறை இன்னும் எடுக்கவில்லை,
வேண்டாமென்றும் சொல்லவில்லை.

அவர் தலை இந்தப் பக்கம் சாய்ந்தது.
இன்னொன்று அழுத்தினேன்.
திறந்து, நின்றுவிட்டது.
மூடட்டும் என்று நானும் அசையாமல் நின்றேன்.
தெருமுனையில் கம்பெனி பஸ்
இரண்டாவது முறை ஹாரன் அடிக்கிறது.